சோக் கம்பியின் சூடு

கொடைக்கானலில் ஒரு பழைய வண்டியின் செல்ஃப் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள பானெட்டைத் திறக்க வேண்டியதில்லை. வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மூக்கு சரிவைப் பார்த்திருக்கும். முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருக்கும். செல்ஃப் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் மோட்டாரை இங்கே யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டிரைவர், மெக்கானிக், பால்காரர் எல்லோருக்கும் அது செல்ஃப்தான்.

கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால் ஒரு குலுக்கு குலுக்கி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சமவெளியில் இருப்பவர்கள் செல்ஃப் கெட்டால் அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடி ஓடுவார்கள். நாங்கள் ஓட மாட்டோம். மலை சும்மா தள்ளிவிடும்போது எதற்குச் செலவு என்று வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டுவோம். இதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு.

எங்கள் வண்டிக்கும் அப்படி ஒரு கல் இருந்தது. பள்ளங்கிப் பக்கத்து ஓடையிலிருந்து என் வீட்டுக்காரர் பொறுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. வெளியே போகும்போது அது டிக்கியில் வரும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருண்டு 'தொம்' என்று இடிக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது. கேட்டிற்கு அடித்தது போக மீந்த ரெட் ஆக்சைடு பெயிண்டை அந்தக் கல்லுக்கும் இரண்டு கோட்டு அடித்து வைத்திருந்தார். கல்லுக்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்டதற்கு, "சும்மா கெடக்குற பெயிண்ட்தானே" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். ஒரு சிராய்ப்பு கிடையாது. பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் சீட்டில் அவரைப் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் இருந்தார்கள் என்று மற்றவர்கள் சொல்லியே கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற வருஷம், ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த இந்த வண்டியை வாங்கினார். உருண்டை மூக்கு, க்ரீம் கலர், கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடிய சத்தம். எங்கள் இரண்டு பேரின் வயதுக்குச் சற்றுத்தான் குறைவு அதற்கு. இரண்டு வருஷம் முழங்கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்து அதை ஓடவைத்தார். அதற்கப்புறம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண் சர்ச்சுக்குக் கல்யாணம் முடிக்கப் போனாலும் அந்த வண்டியில்தான் போனாள்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஃபிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட். ஊரில் எல்லோரும் டீச்சர் என்பார்கள், நான் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். டீச்சர் போர்டில் எழுதுவதை மேசையில் நடத்திக் காட்டுவது நான். மீட்டர் முள் ஆடாவிட்டால் பிள்ளைகள் டீச்சரைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்ப்பார்கள். இதை நான் கர்வத்தோடுதான் சொல்கிறேன். அந்தக் கர்வத்துக்கு விழுந்த அடியும் இந்தக் கதையில் வருகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

குளிர்காலக் காலைகளில் எங்கள் வாசலில் ஒரு சடங்கு நடக்கும். அவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறுவார். டேஷ்போர்டில் இருக்கும் சோக் குமிழை இழுப்பார். குளிரில் எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், அதற்காகக் கார்புரேட்டர் வரை போகிற ஒரு கம்பி அது. பிறகு சாவியைத் திருகுவார். செல்ஃப் 'ஊ...ம்' என்று, காய்ச்சல்காரன் எழுப்பினால் முனகுவது மாதிரி முனகும். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அதோடு அவர் விட்டுவிடுவார். குமிழுக்குப் பின்னால் தெரிகிற கம்பியை இரண்டு விரல்களால் பிடித்துக்கொள்வார். அது கதகதவென்று இருக்கும்.

"கெளம்பாட்டியும் கை காயுதுல்ல," என்பார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டுவேன். இருவரும் மாறி மாறி விரலைச் சூடேற்றிக்கொள்வோம். சுற்றுலா வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களிடம்கூட, "தொட்டுப் பாருங்க சார், ஹீட்டர் வச்ச வண்டி" என்று காட்டியிருக்கிறார். அவர்களும் தொட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் அவர் இறங்கிக் கல்லை எடுத்து டிக்கியில் போட்டுவிட்டு ஏறுவார், வண்டி உருளும்.

இரண்டு குளிர்காலம் இப்படிக் கை காய்ந்தோம். இருபத்தாறு வருஷம் ஃபிசிக்ஸ் லேபில் நின்றவள் நான். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

இந்த ஜனவரியில் ஒரு புதன்கிழமை, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். எங்கள் மடியில் விளையாடி வளர்ந்த பிள்ளை. வண்டிக்கு மல்லிகையும் வெள்ளை ரிப்பனும் கட்டி, அவர் கோட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டு போனார். வழக்கமாக சர்ச் கேட்டுக்கு வெளியே, சரிவில்தான் நிறுத்துவார். சர்ச்சுக்கு முன்னால் இருப்பது பிள்ளைகள் பந்து விளையாடுகிற மைதானம். இந்த மலையில் அவ்வளவு சமமான இடம் வேறு எங்கேயும் கிடையாது. அங்கே அவர் வண்டியைக் கொண்டுபோனதே இல்லை. அன்றைக்கு போட்டோகிராபர் விடவில்லை. படிக்கட்டு வரைக்கும் வரணும் என்றான். போனார். எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். புகை வீடியோவில் விழுகிறது, ஆஃப் பண்ணுங்கள் என்றான். பெண் இறங்கிக்கொண்டிருந்தாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அணைத்தார். அணைக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன்.

தாலி கட்டி முடித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் ஏறினார்கள். பேண்டு வாசிக்கிறது. அவர் சாவியைத் திருகினார். ஊ...ம். மறுபடியும். ஊ...ம். பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாலாவது தடவைக்கு மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் கோட்டுச் சூட்டோடு வந்து தள்ளினார்கள். மைதானத்தில் முந்தின நாள் மழைச் சகதி. ஒருவன் வழுக்கி முழங்காலோடு உட்கார்ந்தான். எல்லோரும் சிரித்தார்கள், பெண்ணும் சிரித்தாள். தப்பான சிரிப்பு இல்லை, கல்யாண வீட்டுச் சிரிப்புதான். ஆனால் யாரோ அதைப் படம் எடுத்து, அழுகைப் பாட்டு ஒன்றைச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பழனியில் அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் வரைக்கும் போய்விட்டது. அந்தக் கண்டக்டர் போன் பண்ணி, "என்னண்ணே, முப்பது வருஷமா எங்களத் தள்ளவிட்டதில்ல, இப்ப மாப்ளயத் தள்ளவிட்டீகளாக்கும்" என்றார்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் ஒரு ரிசார்ட் மேனேஜருக்குப் போன் போட்டார். அந்த ஆள் போன வருஷமே வந்து வண்டியைக் கேட்டவர். எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புல்வெளியில் நிறுத்தி, பானெட்டுக்குள் மண்ணைப் போட்டு பெட்டூனியா பூச்செடி வைக்கப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு இவர் கேட்டைத் திறந்து "வெளிய போறியளா?" என்றார். இப்போது அதே ஆளிடம் திங்கட்கிழமை லாரி கொண்டுவரச் சொல்கிறார்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்றேன்.

"என்னால தள்ள முடியாது. தோள்பட்ட போச்சு. உன்னாலயும் முடியாது. அடுத்தவன் தள்ளி நான் ஓட்டணுமா?"

"செல்ஃப சரி பண்ணுவோம்."

"எத்தன தடவ பண்றது? விடு புள்ள."

அவர் சொன்னதும் பொய்யில்லை. போன மழைக்காலத்திலேயே புது பேட்டரி போட்டாயிற்று. டிசம்பரில் செல்ஃபைக் கழற்றிப் பழனிக்கு அனுப்பி, உள்ளே கார்பன், புஷ் எல்லாம் மாற்றி வந்தாயிற்று. எல்லாம் பண்ணியும் அதே முனகல்.

வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் நேராக மெக்கானிக்கிடம் போனேன். நல்ல பையன், நாற்பது வயசு, எங்கள் சர்ச்தான். அவனுக்கும் இந்த வண்டி ஒரு மானப் பிரச்சினையாகியிருந்தது.

"அக்கா, நானே மேசைல வச்சு செக் பண்ணேன். பேட்டரியக் குடுத்தா பம்பரமாச் சுத்துது. வண்டில மாட்டுனா மொனங்குது. அப்ப என்ன? எஞ்சின் டைட்டு. அம்புட்டுத்தான்."

"எஞ்சின் டைட்டா இருந்தா சரிவுல உருட்டுனா மட்டும் எப்படித் தம்பி லேசா பிடிக்குது?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அக்கா, உங்க ஸ்கூல் சோலி வேற. இது வேற."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேனே என்ற எரிச்சல்தான் அதில் பாதி. மேசையில் சுற்றுகிறது, வண்டியில் சுற்றவில்லை. மேசைக்கும் வண்டிக்கும் என்ன வித்தியாசம்? இதையே சப்பாத்தி தேய்க்கும்போதும் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு சப்பாத்தி கருகியது.

சனிக்கிழமை வெள்ளனே எழுந்துவிட்டேன். வெளியே புல்லெல்லாம் உறைபனி. அவர் இன்னும் போர்வைக்குள் இருந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து இதில் பெட்டூனியா இருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அவரைப் போலவே சோக்கை இழுத்துச் சாவியைத் திருகினேன். ஊ...ம். மூன்று தடவை. பழக்கதோஷத்தில் கை தானாகக் கம்பிக்குப் போனது. கதகதப்பாக இருந்தது.

எஞ்சின் புதன்கிழமைக்கு அப்புறம் ஓடவே இல்லை. ராத்திரி முழுக்க உறைபனியில் நின்ற வண்டி. பானெட்டைத் தொட்டால் விரல் ஒட்டும். அப்படியிருக்க, இந்த ஒரு கம்பிக்கு மட்டும் எங்கிருந்து சூடு?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் செய்து காட்டுகிற சோதனை ஒன்று உண்டு. ஒரு மெல்லிய கம்பியை பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே கட்டுவேன். கொஞ்ச நேரத்தில் கம்பி சுடும். பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கரண்ட் போகிற கம்பி சுடும், அவ்வளவுதான் பாடம். ஆனால் சோக் கம்பிக்கும் கரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கிணற்றுக் கயிறு மாதிரி சும்மா இழுக்கிற கம்பி அது. அதில் கரண்ட் போகிறது என்றால், போகக்கூடாத வழியில் போகிறது.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். பேட்டரியிலிருந்து தடிமனான வயர் வழியாக செல்ஃபுக்குக் கரண்ட் போகிறது. போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். செல்ஃப் எஞ்சினோடு முறுக்கியிருக்கிறது, பேட்டரியின் எர்த் வயர் பாடியோடு முறுக்கியிருக்கிறது. எஞ்சின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் மேல். அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க, பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை இருக்கும். திரும்பி வருகிற கரண்டுக்கு அதுதான் பெரிய ரோடு. அந்த ரோடு அடைபட்டால், பஸ்ஸெல்லாம் சந்துக்குள் நுழைவது மாதிரி, எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற எந்தக் கம்பி வழியாகவாவது கரண்ட் திரும்பும். சோக் கம்பி அப்படி ஒரு சந்து. மேசையில் வைத்துப் பார்க்கும்போது பேட்டரி வயரை நேராக செல்ஃபின் உடம்பிலேயே வைத்துவிடுகிறார்கள், அங்கே பட்டைக்கு வேலையே இல்லை. அதனால்தான் அங்கே சுற்றுகிறது, இங்கே முனகுகிறது.

இதைக் கண்டுபிடித்த இடத்திலேயே நான் ஸ்டீயரிங்கை ஒரு அடி அடித்தேன். ஹார்ன் அடித்துவிட்டது. அவர் போர்வையோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க போய்ப் படுங்க. நான் ஸ்கூலுக்குப் போயிட்டு மத்தியானம் வாரேன். வண்டியில யாரையும் கை வைக்க விடாதீங்க."

அன்றைக்கு அரை நாள் லேப். ஃபிசிக்ஸ் டீச்சரிடம் சொல்லி, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி காயிலிலிருந்து வரும் வயரை முதலில் பிடுங்கி வைத்தேன். அவர் வேண்டாவெறுப்பாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"நான் சொல்லும்போது சாவியத் திருகுங்க. விடச் சொன்னா விடுங்க."

"சரிங்க டீச்சர்," என்றார் கேலியாக.

முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட், அவர் திருகும்போது பதினொன்றுக்கு மேலே. பேட்டரி மேல் பழி இல்லை. அடுத்தது, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த்திலும், மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்தேன். வழி சரியாக இருந்தால் இங்கே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும்.

"திருகுங்க."

நாலரை வோல்ட்.

"இன்னொருக்க."

நாலரை. பன்னிரண்டில் நாலரையை வழியிலேயே தின்றுவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு அந்த செல்ஃப் பாவம் எப்படிச் சுற்றும்? மீட்டரை இப்போது பேட்டரி எர்த்துக்கும் பாடிக்கும் நடுவே வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி நின்றது. பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைத்தேன். அதே நாலரை. திருடன் அந்த ஒரே பட்டையில்தான் இருந்தான்.

கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பட்டை அறுந்திருக்கும் என்று நினைத்தேன், முழுசாக இருந்தது. எஞ்சின் பக்கத்து போல்ட் பளிச்சென்று இருந்தது. பாடிப் பக்கத்து போல்ட்டை ஸ்பானர் வைத்து அசைத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை, மெக்கானிக்கும் ஆட்டிப் பார்த்துவிட்டு விட்டிருப்பான். போல்ட்டைக் கழற்றினேன். பட்டை உட்காருகிற இடத்தில் செக்கச்செவேலென்று, துளி இரும்பு தெரியாமல், வழவழவென்று ரெட் ஆக்சைடு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பனிமூட்டம், நாங்கள் மஞ்சு என்போம், இரும்பைத் தின்றுவிடும். கேட்டு, கூரைத் தகரம், கட்டில் கால், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு எதையும் விடாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் அரை டின் ரெட் ஆக்சைடு இருக்கும், மழைக்கு முன்னால் மே மாதம் எல்லோரும் பிரஷ்ஷை எடுப்பார்கள். என் வீட்டுக்காரர் மற்றவர்களைப் போல மேலோடு தடவுகிற ஆள் இல்லை. "நட்டுக்கு மேல அடிக்கிறதெல்லாம் பெயிண்டா? கழத்தி அடியில அடிக்கணும்" என்பார். இரண்டு வருஷம் முன்பு ஒரு மே மாதம் பூராவும் வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அடியில் இரண்டு கோட்டு அடித்து, காய வைத்து, மறுபடி முறுக்கினார். நான்தான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு இடம் விடவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. அந்த மே மாதத்திலிருந்துதான் செல்ஃப் முனக ஆரம்பித்தது. நாங்கள்தான் சரிவும் கல்லுமாக ஓட்டிக்கொண்டிருந்தோமே, யாருக்குத் தேதி ஞாபகம் இருக்கும்?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேறு நாளாக இருந்தால் அங்கேயே பாடம் நடத்தியிருப்பேன். ஆனால் அந்த மனிதர் புதன்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் முப்பது வருஷம் ஒரு தப்புப் பண்ணாத ஆள். அவரிடம் போய் இது உங்கள் வேலை என்று எப்படிச் சொல்வது? உப்புத்தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"எனக்குக் குனிய முடியல. இந்த எடத்த மட்டும் வெள்ளையாத் தேச்சு விடுங்க."

அவர் சாக்கை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தார். சரக் சரக் என்று தேய்க்கிற சத்தம் வந்தது. பிறகு நின்றது.

"ஏ புள்ள."

"ம்."

"இது ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன்."

"ம்."

"நானேதான் அடச்சு வச்சிருக்கேன்."

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. "ஏங்க, மூணாவது கோட்டும் அடிச்சிருந்தீங்கன்னா இன்னும் நல்லாருந்திருக்கும்," என்றேன். வண்டிக்கு அடியிலிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. மறுபடி தேய்க்கிற சத்தம், முன்னைவிட வேகமாக.

இரும்பு வெள்ளி மாதிரித் தெரிந்த பிறகு பட்டையை வைத்து முறுக்கி, துருப் பிடிக்காமலிருக்க மேலே வாஸ்லின் தடவினோம். காயில் வயரை இன்னும் மாட்டவில்லை. மீட்டரை வைத்துக்கொண்டு திருகச் சொன்னேன். 'கிர்ர்ர்' என்று செல்ஃப் சுற்றிய சுற்றில் அவர் பயந்து சாவியை விட்டுவிட்டார். மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு எண். அதை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை, கண் மறைத்துவிட்டது.

வயரை மாட்டினேன். திருகினார். ஒரே திருகு, எஞ்சின் ஓடியது. அணைத்தார். திருகினார். அணைத்தார். பதினொரு தடவை, நான் எண்ணினேன். கடைசியில் பழக்கத்தில் இரண்டு விரலால் சோக் கம்பியைப் பிடித்துப் பார்த்தார்.

"சில்லுன்னு கெடக்கு," என்றார்.

அப்புறம் இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். நான் மல்டிமீட்டரும் கையுமாக வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை இல்லை. ஒரு சபாஷ் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது நானே கேட்டேன், "லாரிக்காரனுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"பாப்போம். வாசல்ல ஓடுறது ஒரு ஓட்டமா?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. என்னை நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் தம்பி 'ஸ்கூல் சோலி வேற' என்று சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவாமலே உள்ளே போய்ப் படுத்துக் கொஞ்சம் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பினோம். அவர் கல்யாணத்துக்குப் போட்ட அதே கோட்டைப் போட்டிருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே திருகில் வண்டி கிளம்பியது. சர்ச் கேட் வந்ததும் வழக்கமான சரிவில் நிறுத்துவார் என்று பார்த்தால், நேரே உள்ளே திருப்பினார். மைதானத்துக்கு நட்டநடுவில், அன்றைக்குத் தள்ளிய அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். படிக்கட்டில் நின்றவர்கள் பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன்.

அன்றைய பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. போல்ட்டைச் சரியாக முறுக்கினோமா? மைதானத்தில் மஞ்சு இறங்கியிருந்தது, ஈரம் ஏதும் பண்ணுமா? காயில் வயர் லேசாகக் கழன்றிருந்தால்? முழங்கால் போட்டபோது நான் ஜெபம் பண்ணியதெல்லாம் அந்த ஒரு பட்டைக்காகத்தான். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஆராதனை முடிந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போட்டோகிராபர் நின்றான், மெக்கானிக் தம்பி நின்றான், பேண்டுக்காரர்களில் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு மூன்று போன்கள் தயாராக மேலே வந்தன. என் வீட்டுக்காரர் மெதுவாக நடந்துபோய் ஏறினார். சோக்கை இழுத்தார். திருகினார்.

'கிர்ர்' என்று ஒரு நொடி. எஞ்சின் ஓடியது.

யாரோ கை தட்டினார்கள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, கதவைத் திறந்து வைத்தபடியே நின்றார். கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை அவர். முப்பது வருஷம் முடித்த ஓய்வு விழாவில்கூட கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர்.

"ஏலே, இங்க வா," என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "ஸ்கூல் சோலி வேற, இது வேறன்னியாம்ல?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"செல்ஃப் நல்லாத்தான் இருந்துச்சு. பேட்டரியும் நல்லாத்தான் இருந்துச்சு. எர்த்துக்கு அடியில நான்தான் பெயிண்டு அடிச்சுக் கெடுத்து வச்சிருந்தேன். ரெண்டு வருசம். நானும் கண்டுபிடிக்கல, நீயும் கண்டுபிடிக்கல. எங்க வீட்டம்மா மீட்டர் வச்சு அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சா." பிறகு போனைத் தூக்கி வைத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "எடுத்தாச்சா? இதையும் அனுப்புங்க எல்லாருக்கும்."

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்கு இருந்த பெருமையை அடக்கிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அந்த மைதானத்தில் அன்றைக்கு என்னைவிட உயரமானவர்கள் யாருமில்லை.

"டீச்சரக்கா," என்றான் மெக்கானிக், "அந்த மீட்டர எங்க வைக்கணும்னு எனக்கும் ஒருக்கச் சொல்லிக் குடுங்க."

"திங்கக்கெழம ஸ்கூல் விட்டு வாரேன். ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கணும்," என்றேன். கொஞ்சம் மிதப்பாகத்தான் சொன்னேன்.

அங்கே நின்றபடியே அவர் ரிசார்ட் மேனேஜருக்குப் போன் போட்டார். "லாரி வேண்டாங்க. இல்லங்க, வேற யாருக்கும் குடுக்கல. வண்டி ஓடுது, அதான்." கொஞ்சம் கேட்டுவிட்டு, "செடி வைக்கிறதுக்குன்னா எங்க வீட்ல பழைய குளிக்கிற தொட்டி ஒண்ணு கெடக்கு, வந்து எடுத்துக்கோங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். மஞ்சு விலகி நல்ல வெயில். அவர் ஏதோ கீதத்தை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. எனக்கு ஏதோ குறைவது போல இருந்தது. இரண்டாவது வளைவில்தான் புரிந்தது. டிக்கியில் 'தொம்' சத்தம் இல்லை. காலையில் போகும்போதும் இல்லை, கோபத்தில் நான் கவனிக்கவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் கல் இல்லாமல் அந்த வண்டி எங்கள் வாசலைத் தாண்டியதே கிடையாது.

"ஏங்க, கல்லு எங்க?"

"அதுவா? நேத்தே எடுத்துட்டேன்."

"நேத்து எப்ப?"

"நீ உள்ள அழுதுட்டு இருந்தியே, அப்ப," என்றார் ரோட்டைப் பார்த்தபடியே. "உன் ரோஜாச் செடிக்கிட்ட கெடக்கு."